கார்ட்லெஸ் போன் கொலு பொம்மை இல்லை

பிள்ளைகள் அப்பா அம்மாவுக்கு வாங்கிக் கொடுக்கும் சாமான்களில் ரொம்பவும் வீணாகிப்போவது எது என்று கேட்டால், கார்ட்லெஸ் போன் என்றுதான் சொல்வேன். நடைபயிற்சி மெஷினாவது துணி காயப்போட உதவுகிறது.

நம்ம பக்கத்தில் இன்னும் லேண்ட்லைன் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் என் வயதுக்காரர்கள். பாதி வீடுகளில் கார்ட்லெஸ் இருக்கிறது. அது இருக்கும் இடம் ஹாலில், டி.வி.க்குப் பக்கத்தில், ஷோகேஸில், கொலு பொம்மை மாதிரி. திரையில் ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாளைக்கூடச் சிலர் இன்னும் உரிக்கவில்லை. மணி அடித்தால் அடுக்களையிலிருந்தோ கொல்லைப்புறத்திலிருந்தோ ஓடி வருகிறார்கள். எடுத்து, அங்கேயே நின்று பேசிவிட்டு, பத்திரமாக அதே இடத்தில் வைத்துவிட்டுப் போகிறார்கள். ஒயர் இல்லாத போனை ஒயர் கட்டிய போன் மாதிரியேதான் நடத்துகிறார்கள்.

எதிர்வீட்டு அம்மாவிடம் ஒரு நாள் கேட்டேன். "கையிலேயே வச்சுக்கக் கூடாதாம்மா, எதுக்கு இப்படி ஓடறீங்க?" அவர் சொன்ன பதில்: "கீழ போட்டுட்டா உடைஞ்சுடும்ணா. பையன் வேற ரெண்டாயிரத்துக்கு மேல குடுத்து வாங்கியிருக்கான்."

போன் உடையக் கூடாது என்று ஓடுகிறார். எழுபத்தி நாலு வயது, மொசைக் தரை, ஈரக் கால். உடைவது எதுவாக இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். இடுப்பு எலும்பு ஆபரேஷனுக்கு ஆகும் செலவில் எத்தனை கார்ட்லெஸ் வாங்கலாம் என்று கணக்குப் போட நான் தயார். ஆனால் அந்த அம்மாவிடம் எனக்குக் கோபம் இல்லை. கோபமெல்லாம் அதை மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனவர்கள் மேல்தான்.

மாட்டுவது என்றால் என்ன நடக்கிறது? பையனோ கடையிலிருந்து வரும் ஆளோ பெட்டியைப் பிரிக்கிறார். லைனைச் செருகுகிறார், அடாப்டரைச் சொருகுகிறார், தன் செல்லுக்கு ஒரு ரிங் கொடுத்துப் பார்க்கிறார். "வேலை செய்யுதுப்பா" என்கிறார். பத்து நிமிஷம். அப்புறம் டிபன் சாப்பிடப் போய்விடுகிறார். டெலிபோன் இலாகாவில் வேலை பார்த்தவன் என்கிற உரிமையில் சொல்கிறேன்: அதற்குப் பெயர் லைன் டெஸ்டிங். போன் வைத்துக் கொடுப்பது அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது. யார் பயன்படுத்தப் போகிறாரோ அவர் கையில் கொடுத்து, படுக்கையிலிருந்தும் பாத்ரூமிலிருந்தும் அவரே ஒரு கால் செய்து, வரும் கால் ஒன்றை எடுத்துப் பேசி, அவரே கட் செய்து காட்டுகிற வரைக்கும் வேலை முடியவில்லை.

முதலில் இடம். அடிப்பெட்டி, அதாவது லைனும் கரண்டும் போகிற பேஸ் யூனிட், வீட்டின் நடுவாக்கில் கொஞ்சம் உயரத்தில் இருக்க வேண்டும். பெட்டியின் மேல் உள்ளே 50 மீட்டர், வெளியே 300 மீட்டர் என்றெல்லாம் போட்டிருப்பார்கள். அது மைதானத்துக் கணக்கு. நம் வீடுகளில் ஒன்பது அங்குலச் சுவர், கான்கிரீட் தளம், இரும்பு பீரோ, ஆளுயரக் கண்ணாடி எல்லாம் இருக்கிறது. சிக்னலுக்கு இரும்பும் கண்ணாடியின் ரசப்பூச்சும் ஆகாது. போனைப் பேசிக்கொண்டே பாத்ரூம் வரை, கொல்லை வரை, மாடிப்படி வரை நடந்து பாருங்கள். எங்கே கரகரக்கிறது, எங்கே விட்டு விட்டுக் கேட்கிறது என்று தெரிந்துவிடும். பாத்ரூமில் கேட்கவில்லை என்றால் பெட்டியை நகர்த்துங்கள். ஷோகேஸில் பார்க்க அழகாக இருக்கிறது என்பதெல்லாம் ஒரு காரணமா? கீழே விழுந்தால் மனிதர் பாத்ரூமில்தான் விழுகிறார், ஷோகேஸ் முன்னால் இல்லை.

இன்னொன்று, வைஃபை பெட்டி. பெட்டியின் மேல் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தால் அந்த போனும் வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் ஒரே அலைவரிசையில் குடித்தனம் செய்கிறவர்கள். மூவரையும் ஒரே மேஜையில் வைத்தால் சண்டை வரத்தான் செய்யும். இரண்டு மூன்று அடியாவது தள்ளி வையுங்கள். "போன்ல ஒரே இரைச்சல், லைன் சரியில்லை" என்று கம்ப்ளைண்ட் கொடுப்பதற்கு முன் இதைப் பாருங்கள். செம்புக் கம்பியிலேயே பிராட்பேண்டும் வருகிற வீடு என்றால் ஸ்ப்ளிட்டர் என்கிற சின்ன டப்பா வழியாகத்தான் போனுக்கு லைன் போக வேண்டும். நேராகச் செருகினால் உஸ்ஸென்று இரையும். இந்த இரண்டையும் பார்க்காமல் லைன்மேனைத் திட்டியவர்களை என் சர்வீஸில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது பாட்டரி. கைப்பிடிக்குள் இருப்பது பெரும்பாலும் இரண்டு சின்னப் பென்சில் பாட்டரி. பார்க்க டி.வி. ரிமோட்டில் போடுவது மாதிரியே இருக்கும், ஆனால் அது சார்ஜ் ஏறுகிற நிக்கல் வகை, ஒவ்வொன்றும் 1.2 வோல்ட். இது செத்ததும் தெருமுனைக் கடையில் பத்து பதினைந்து ரூபாய்க்குக் கிடைக்கிற சாதாரண பாட்டரியை வாங்கிப் போடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். சாதாரண பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றினால் அது சூடாகும், கசியும், வெடிக்கவும் செய்யும். அதைத்தான் காதோடு ஒட்டி வைத்துப் பேசப் போகிறீர்கள். மேலே ரீசார்ஜபிள் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள். அடாப்டரும் கூடவே வந்ததுதான். பழைய ரேடியோ அடாப்டர் முனை சரியாகப் பொருந்துகிறதே என்று அதைச் சொருகக் கூடாது.

முதல் தடவை முழுசாகச் சார்ஜ் ஏற வேண்டும். பல மாடல்களில் ஏழு மணி நேரம் என்று புத்தகம் சொல்லும். ஒரு ராத்திரி முழுக்க வைத்துவிட்டால் தீர்ந்தது. அதற்கப்புறம் சும்மா இருந்தால் சில நாட்கள் தாங்கும். எனவே ஒவ்வொரு தடவையும் ஓடிப்போய்த் தொட்டிலில் வைக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ராத்திரி படுக்கும்போது வைத்தால் போதும். அந்தத் தொட்டிலும் கட்டில் பக்கத்தில் இருக்கட்டும். பேஸ் ஹாலில்தான் இருந்தாக வேண்டும் என்றால், தனிச் சார்ஜர் தொட்டிலோடு இரண்டாவது கைப்பிடி வருகிற செட் விற்கிறது, அதை வாங்கச் சொல்லுங்கள்.

இங்கேதான் நம் தலைமுறையின் மிகப் பெரிய குணம் குறுக்கே வருகிறது. ராத்திரி படுக்கப் போகும்முன் வீடு முழுக்க நடந்து எல்லா ஸ்விட்சையும் அணைப்பது. டி.வி., மிக்ஸி, அதோடு சேர்த்து போன் அடாப்டர். விளைவு, ராத்திரி பத்து மணி முதல் காலை ஐந்து வரை அந்த வீட்டில் போனே கிடையாது. பெரியவர்களுக்கு உடம்பு சரியில்லாமல் போவது அந்த நேரத்தில்தான். அடாப்டர் இரண்டு வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், நாள் முழுக்க எரிந்தால் இரண்டு மாத பில்லுக்கு மூன்று யூனிட்டைத் தொடாது. மூன்று யூனிட்டுக்காக ராத்திரி முழுக்க நாதியில்லாமல் கிடப்பதா? அந்த ஸ்விட்சின் மேல் ஒரு துண்டு செல்லோடேப் ஒட்டி விடுங்கள். என் வீட்டில் ஒட்டியிருக்கிறது.

இனி நான் எழுத உட்கார்ந்ததற்கான முக்கிய விஷயம். புது போன் வந்த அன்றே பழைய ஒயர் போனைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுகிறார்கள். இதை அநியாயம் என்றே சொல்வேன். அந்தப் பழைய போனுக்கு உங்கள் வீட்டுக் கரண்ட் தேவையில்லை. எக்ஸ்சேஞ்சில் வரிசையாக நிற்கும் பெரிய பாட்டரிகளிலிருந்து 48 வோல்ட் செம்புக் கம்பி வழியாக வந்து அதை நடத்துகிறது. தெருவே இருட்டாக இருந்தாலும் கம்பி அறுபடாத வரை அது பேசும். கார்ட்லெஸ் அப்படி இல்லை. கரண்ட் போன நொடியில் பேஸ் செத்துவிடும். கையில் இருப்பதில் முழுச் சார்ஜ் இருந்தும் பிரயோஜனம் இல்லை, அது பேசுவது பேஸோடுதான். வர்தா புயல் 2016 டிசம்பர் 12-ஆம் தேதி அடித்ததே, அப்புறம் எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் இருந்தோம், செல் டவர்கள் என்ன கதி ஆயின என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த மாதிரி நாளில் தடவிப் பார்த்து எடுக்க ஒரு ஒயர் போன் வேண்டும். இரண்டையும் ஒரே லைனில் பேரலலாகப் போடலாம், ஒன்றை இரண்டாக்கும் சின்ன ஜாக் எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும். அதற்குச் சோம்பல் என்றால் பழைய போனைப் பேஸ் பக்கத்திலேயே வையுங்கள், கரண்ட் போனதும் ஒயரை மாற்றிச் செருகிக்கொள்ளலாம்.

ஒரே ஒரு விதிவிலக்கு, இடி. இடி மின்னலின்போது ஒயர் போனைத் தொடாதீர்கள். வெளியே கம்பத்தில் இறங்கும் மின்னல் கம்பி வழியாக உள்ளே வரலாம். அப்போது பேச வேண்டியிருந்தால் கார்ட்லெஸ்தான் பத்திரம். உங்கள் கைக்கும் கம்பிக்கும் தொடர்பில்லை. பேஸ் வேண்டுமானால் கருகலாம், நீங்கள் கருக மாட்டீர்கள்.

"எங்க வீட்டுக்கு ஃபைபர் வந்துடுச்சு சார்" என்பவர்களுக்கு வேறு கதை. கண்ணாடி இழையில் கரண்ட் வராது. சுவரில் மாட்டியிருக்கும் அந்த மோடம் பெட்டிக்கு உங்கள் வீட்டு மின்சாரம்தான் சோறு. கரண்ட் போனால் மோடம் போகும், அதன் பின்னால் செருகியிருக்கும் போன் பழசோ புதுசோ எல்லாம் போகும். ஃபைபர் மாற்றித் தருகிறவர்கள் ஸ்பீடைப் பற்றி அரை மணி நேரம் பேசுகிறார்கள், இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதில்லை. வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். பெரும்பாலான வீடுகளில் இன்வெர்ட்டர் லைன் லைட்டுக்கும் ஃபேனுக்கும்தான் இழுத்திருப்பார்கள், ஹால் ப்ளக் பாயிண்ட் அதில் இருக்காது. மெயினை ஒரு தடவை அணைத்துப் பாருங்கள். மோடத்தில் விளக்கு எரிகிறதா, போனில் டயல் டோன் வருகிறதா? வரவில்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த இரண்டு பாயிண்டையும் இன்வெர்ட்டரில் சேர்க்கச் சொல்லுங்கள். இன்வெர்ட்டரே இல்லாத வீட்டில் மோடத்துக்கென்று சின்ன யு.பி.எஸ். கிடைக்கிறது. மோடத்துக்கு எத்தனை வோல்ட் என்று அதன் அடாப்டரில் பார்த்து வாங்க வேண்டும். கார்ட்லெஸ் பேஸ் அதில் வராது என்றால் பழைய ஒயர் போன் அங்கேயும் உதவும், அதற்குத் தனிக் கரண்ட் வேண்டாம், மோடமே நடத்திவிடும்.

கையோடு வைத்துக்கொள்வது எப்படி என்று கேட்கிறீர்கள். நியாயம்தான். இந்த போனைச் செய்கிறவர்கள் யாரும் வேட்டி கட்டிய ஆளையோ புடவை கட்டிய அம்மாவையோ பார்த்ததே இல்லை போலிருக்கிறது. பின்னால் பெல்ட்டில் மாட்ட ஒரு கிளிப் கொடுக்கிறார்கள், பெல்ட்டுக்கு எங்கே போவது? நம் பாட்டிமார்கள் வெற்றிலைக்கும் சில்லறைக்கும் வைத்திருந்த சுருக்குப்பை இதற்குக் கச்சிதம். இடுப்பில் செருகிக்கொண்டால் கீழே விழாது, எதிர்வீட்டு அம்மாவின் பயமும் தீரும். சட்டை மேல்பாக்கெட்டில் போடுகிற ஆண்கள், பேஸ்மேக்கர் வைத்திருந்தால் மட்டும் வேண்டாம். அதிலிருந்து ஆறு அங்குலமாவது தள்ளி இருக்கட்டும், பேசும்போதும் எதிர்ப்பக்கக் காதில் வைத்துப் பேசுங்கள்.

கதிர்வீச்சு என்று பயமுறுத்தும் வாட்ஸ்அப் செய்திகள் எனக்கும் வருகின்றன. புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச முகமை 2011-இல் ரேடியோ அலைகளை 2பி என்ற பட்டியலில் சேர்த்தது உண்மை. "காரணமாக இருக்கக்கூடும், உறுதியில்லை" என்பதுதான் அந்தப் பட்டியலுக்கு அர்த்தம். கார்ட்லெஸ் பேச வேண்டிய தூரம் ஹாலில் இருக்கும் பேஸ் வரைக்கும்தான், செல்போன் மாதிரி தூரத்து டவரைப் பிடிக்க முக்க வேண்டியதில்லை. அப்படியும் மனசு கேட்கவில்லை என்றால் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுங்கள். இந்தப் பயத்தில் போனை ஹாலிலேயே விட்டுவிட்டு ஓடி வந்து எடுப்பது எனக்குச் சம்மதமில்லை.

காது விஷயம் ஒன்று. வயதானால் முதலில் மங்குவது கீச்சென்ற மெல்லிய ஒலிகள். கடையிலிருந்து வரும்போது பல போன்களில் வைத்திருக்கும் மணியோ குருவி கத்துகிற மாதிரிதான் இருக்கிறது. உள்ளே பத்து இருபது மணி ஓசைகள் இருக்கும், அதில் கட்டையான குரலில் அடிக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வால்யூமை முழுசாக வையுங்கள். அதைத் தேர்ந்தெடுக்க வேண்டியது பேரன் இல்லை, நீங்கள். காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷின் இருப்பவர்கள் போனைக் காது ஓட்டையில் அழுத்தாமல் கொஞ்சம் மேலே, மெஷினின் மைக் இருக்கும் இடத்துக்குக் கொண்டு போனால் கூவாமல் கேட்கும்.

பேசி முடித்ததும் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். ஒயர் போனில் ரிசீவரை வைத்தாலே கட் ஆகிப் பழகியவர்கள், கார்ட்லெஸையும் அப்படியே மெத்தை மேல் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். லைன் நாள் முழுக்க எங்கேஜ்டு. வெளியூரில் இருக்கும் பெண் பதறிப்போய் பக்கத்து வீட்டுக்கு போன் செய்து, அவர் வந்து கதவைத் தட்டி, ஒரே கலவரம். கண் மங்கலானவர்களுக்கு ஒரு யோசனை: சிவப்புப் பொத்தானில் ஒரு சின்ன ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவிடுங்கள், விரலுக்குத் தட்டுப்படும். ஐந்தாம் எண்ணின் மேல் ஏற்கனவே ஒரு புள்ளி தூக்கலாக இருக்கும், அதை வைத்து மற்ற எண்களைப் பிடித்துவிடலாம்.

ஸ்பீட் டயலில் முதல் எண்ணுக்கு 108 வையுங்கள். இரண்டாவதாக, ஐந்து நிமிஷத்தில் வந்து கதவைத் தட்டக்கூடிய ஒருவர். அமெரிக்காவில் இருக்கும் பையனுக்கு எட்டாவது இடம் போதும், அவன் வருத்தப்பட மாட்டான். போன் பக்கத்தில் கொட்டை எழுத்தில் உங்கள் வீட்டு விலாசமும் அடையாளத்துக்கு ஒரு கோயிலோ பள்ளிக்கூடமோ எழுதி ஒட்டி வையுங்கள். பதற்றத்தில் கதவு எண்கூட மறந்துபோகும்.

லேண்ட்லைனில் இப்போது வரும் கால்களில் பாதி திருட்டுக் கால்கள். "உங்கள் போன் இன்னும் இரண்டு மணி நேரத்தில் துண்டிக்கப்படும், 9-ஐ அழுத்துங்கள்" என்று ஒரு பதிவுக் குரல் வரும். டிராய் இப்படி யாருக்கும் போன் செய்வதில்லை என்று அவர்களே அறிவித்திருக்கிறார்கள். 9-ஐ அழுத்தினால் போலீஸ் மாதிரி ஒருவர் வருவார், டிஜிட்டல் கைது என்பார். அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் கிடையாது. சிவப்புப் பொத்தானை அழுத்துங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930.

"எல்லார் கையிலும் செல் இருக்கும்போது இதெல்லாம் எதுக்கு அங்கிள்?" என்று அந்த அம்மாவின் பையன் போன மாதம் வந்தபோது என்னிடம் கேட்டான். அவன் அம்மாவின் செல் எங்கே என்று திருப்பிக் கேட்டேன். தேடினான். பீரோவுக்குள், பட்டுப்புடவைக்கு அடியில், சார்ஜ் இல்லாமல் இருந்தது. பிறகு அவனே கார்ட்லெஸ் பேஸை ஷோகேஸிலிருந்து எடுத்தான். சாயங்காலம் வரை வீடு முழுக்க நடந்து பார்த்து, கடைசியில் அடுக்களைக்கும் படுக்கையறைக்கும் நடுவே இருக்கும் சுவரில் ஆணி அடித்து மாட்டினான். ஷோகேஸில் அந்த இடத்தில் இப்போது ஒரு தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை இருக்கிறது.